பன்னிரண்டு பீப்பாய் வெயில்

பன்னீர் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

பபேடான் பேட்டையில் ஆறு மாடி ஏறி, மொட்டைமாடியில் அப்பளம் காயப்போட்டுப் பிழைத்தவர் மீனம்மாள். யாங்கோன் காற்றில் ஈரம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அதற்காகத்தான் எங்கள் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. நான் அங்கே குமாஸ்தா.

வேலை இதுதான். ஒரு வகை உப்பை வெயிலில் சுடவைத்து, அதிலுள்ள ஈரத்தை முழுக்க விரட்டி, காற்றுப் புகாத பீப்பாயில் அடைத்துவிட்டால் சூடு அதற்குள்ளேயே கிடக்கும். மாதக்கணக்கானாலும் வீணாகாது. பிறகு ஈரக்காற்றைக் காட்டினால் உப்பு அந்தச் சூட்டைக் கக்கும். சின் மலையில் ஒரு கிராமத்துப் பிரசவ அறைக்கு அப்படிப் பன்னிரண்டு பீப்பாய். போன மார்கழியில் அந்த அறையில் ஒரு குழந்தை குளிரில் விறைத்துச் செத்திருந்தது.

மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் மீனம்மாள் உப்புக் காயும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே மாடியில் நின்றார். முகத்தில் தோலுரிந்தது. உப்பைக் கரண்டியால் தட்டிச் சத்தம் கேட்பார். "இன்னும் நமுத்துக் கெடக்கு ராம்" என்று என்னிடம் சொல்லித் திரும்பப் பெட்டியில் கொட்டுவார். ஒவ்வொரு மூடிக்கும் தன் கையாலேயே மெழுகு வைத்தார்.

ஜூலையில், மழை கொட்டுகிற நாளாகப் பார்த்து, இயக்குநர் சிவானந்தனுக்குப் பீப்பாய்களை விழா எடுத்து வழியனுப்பும் ஆசை வந்தது. விழா என்றால் இந்த ஊரில் பெயர்ப்பலகைக்குப் பன்னீர் தெளிப்பார்கள். நல்ல வழக்கம்தான், பலகையோடு நின்றால். நம் ஆள் உப்புக்கே தெளிக்க ஏற்பாடு செய்தார். விருந்தாளிகள் பன்னிரண்டு பேர். யாருக்கும் மனக்குறை வரக் கூடாதாம், ஆளுக்கொரு பீப்பாய்.

மீனம்மாள் குறுக்கே வந்து நின்றார்.

"சயா, மூடியத் தொறக்காதீங்க. மழக்காத்து பட்டா சூடெல்லாம் இங்கயே செலவாயிரும்."

"டோ மீனம்மா, ரெண்டு சொட்டுதானே? போட்டோவுல ஆவி தெரியணும்ல" என்றார் சிவானந்தன். பர்மிய வழக்கப்படி 'டோ' போட்டு மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

மீனம்மாள் என்னைப் பார்த்தார். எனக்கும் எல்லாம் தெரியும். பூத்தட்டை முதல் விருந்தாளியிடம் நீட்டினேன்.

ரெண்டு சொட்டா? வெள்ளிக் கிண்ணத்தோடு கவிழ்த்தார்கள். ஆவி எழுந்தது, கை தட்டினார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பீப்பாய்கள் வாய் பிளந்து கிடக்க, மாலைவரை விருந்து நடந்தது. கூடம் புழுங்குகிறதென்று ஏசியைக் கூட்டச் சொன்னார் ஒருவர். பிள்ளை பெறுகிறவளுக்கென்று வைத்த சூட்டை விரட்டிவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்கள். தூ! அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. என் கையிலிருந்த பூத்தட்டு அதைவிட அருவருப்பு.

திரும்பக் காயவைக்க வேண்டுமென்றால் மழை விட வேண்டும். சிவானந்தன் காத்திருக்கவில்லை. "மூடி அனுப்பிருங்க. போட்டோதான் எடுத்தாச்சே."

லாரி வந்த காலையில் மீனம்மாள் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். பன்னிரண்டு பீப்பாயிலும் பர்மிய எழுத்தில் பெரிதாக எழுதினார்: "இதில் சூடு இல்லை. இப்போதே விறகு சேருங்கள்."

கடைசிப் பீப்பாயில் பிரஷ் நின்றது. "கீழ யார் பேரப் போட, ராம்? ஆபீஸ் ஆள் பேரு இருந்தாத்தான் நம்புவாங்க."

நான் லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து தன் பெயரையே எழுதினார்.

அன்றைக்கே அவருக்கு வேலை போயிற்று. நான் இன்னும் அங்கேதான் குமாஸ்தா.