தரைக்கடியில் கிடந்த டார்ச்

போன மாதம் மதுரை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்காரர் என் பையிலிருந்து ஒரு சிறிய டார்ச்சை எடுத்தார். போட்டுப் பார்த்தார், பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார், மறுபடி எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்பினார். நான் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன்.

அந்த டார்ச்சைக் கண்டெடுத்தவர் மதுரைக்குப் பக்கத்துப் பரவை ஊர்க்காரர். விமானப் பராமரிப்பில் எனக்கு மேலே இருந்த பொறியாளர். எங்கள் எல்லோருக்கும் அண்ணன். சென்னையில் எங்கள் விமானக் கம்பெனிக்குச் சொந்தப் பணிக்கூடம் இருந்த காலத்தில் அவருக்கு ஒரு வழக்கம். விமானத்தை முழுதாகப் பிரித்துப் பூட்டி, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டால், அது பயணிகளோடு கிளம்பும் முதல் தடவை கடைசி வரிசையில் அவரும் உட்கார்ந்து போவார். "நம்ம ஏறாத வண்டியில ஊரான் பிள்ளைய ஏத்தலாமா மாப்ள?" என்பார். பிறகு சிக்கனம் என்று சொல்லிப் பணிக்கூடத்தை மூடினார்கள். பெரிய வேலையெல்லாம் வெளிநாட்டுக்குப் போனது. வந்து திரும்பும் விமானத்தை மேலோட்டமாகப் பார்த்து அனுப்ப எங்களை மதுரையில் போட்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளியை நான் குறை சொல்ல மாட்டேன். அவனையும் எவனோ 'சீக்கிரம் முடி' என்று விரட்டியிருப்பான். விரட்டியவர்களைத்தான் சொல்கிறேன்.

அப்படி அங்கே போய்த் திரும்பிய விமானம் ஒன்றில், காலடியில் ஏதோ உருளுகிறது என்று பணிப்பெண்கள் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மதியம் அண்ணன் தரைப்பலகையைத் திறந்தார். வால் பகுதியை அசைக்கும் கம்பிவடத்தை ஒட்டி இந்த டார்ச் கிடந்தது, மேலே எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் யாருடைய பெயரோ. ஒரு குலுக்கலில் அது வடத்துக்கும் கப்பிக்கும் நடுவே சிக்கியிருந்தால் விமானி என்ன முயன்றும் பயன் இருந்திருக்காது. நிலைய மேலாளர் வந்து பார்த்தார். "அதான் எடுத்தாச்சுல்ல, குப்பையில போட்டுட்டு அனுப்புங்க" என்றார்.

"டார்ச்ச மறந்தவுக வேற எத மறந்தாகளோ, யாருக்குத் தெரியும் சார்? அம்புட்டுப் பலகையும் தொறந்து பாக்கணும். பாக்காம நானும் ஏற மாட்டேன், யாரையும் ஏத்த மாட்டேன்" என்றார் அண்ணன், குரலை உயர்த்தாமல்.

சென்னையிலிருந்து இன்னொரு பொறியாளரை வரவழைத்து, கையெழுத்து வாங்கி, அன்று மாலையே விமானத்தை அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர் ரயிலில் திரும்பினார். விமானம் பத்திரமாகப் போய் இறங்கியது. அதுவே அண்ணனுக்கு வினையாகிவிட்டது. "ஒண்ணும் ஆகலையே, எதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று விசாரணையில் கேட்டார்களாம். வேண்டுமென்றே தாமதம் செய்தார் என்று வேலையைப் பறித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பதெல்லாம் ஒரு சான்றா? கண்ணை மூடிக்கொண்டு ரிங் ரோட்டைக் கடந்தவனும் அதைத்தான் சொல்வான். மேலாளர் குப்பையில் போட்ட டார்ச்சை அன்றே நான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வேலையை விட்டுப் போன பிறகு நானும் அங்கே நிலைக்கவில்லை.

சோதனைக்காரர் டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். "தப்பா நெனைக்காதீக சார், உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார். நல்ல மனிதர், தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார். இதே டார்ச் எத்தனையோ பேர் காலடியில் பல நாள் பறந்த கதையை அவரிடம் சொல்லி என்ன பயன்? விமானத்துக்கு அனுப்பும் வாசலில் நின்ற பெண்ணிடம் மட்டும் கேட்டேன், இந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட்ட பொறியாளர் எந்த சீட்டில் இருக்கிறார் என்று.

அவள் சிரித்தாள். "அவங்க ஏன் சார் இதுல வரப்போறாங்க?"

டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.