எட்டாவது செவ்வாய் திறந்து கிடந்த கேற்

போன வருடம் தவக்காலம் தொடங்கிய நாட்களில் என் கணவருடைய குரல் அடைத்தது. முதலில் சளித் தடிமன் என்றுதான் நினைத்தோம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். மூன்று கிழமை போயும் குரல் திரும்பவில்லை. காலையில் கொஞ்சம் வரும். பின்னேரமானால் வெறும் காற்றுத்தான் வரும்.

அவர் துறைமுகத்தில் சாமான் இறக்கும் ஆட்களுக்கு மேற்பார்வையாளராக முப்பது வருடம் இருந்தவர். இயந்திரச் சத்தத்துக்குள் நின்று கத்திக் கத்தி வேலை வாங்கியவர். வீட்டில் உப்புக் கேட்டாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவர் என்னைக் கூப்பிட மேசையில் தட்டத் தொடங்கினார்.

அந்தத் தட்டும் சத்தம் கேட்டாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். அவருடைய அண்ணாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசியில் தொண்டையில் துளை போட்டு, அந்தத் துளையால் மூச்சு விட்டு, நான்கு மாதத்தில் இறந்து போனார். ஆஸ்பத்திரியில் அண்ணாவின் பக்கத்தில் இருந்து பார்த்தவர் என் கணவர்தான்.

“டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுவமே,” என்றேன்.

“காட்டினா என்ன செய்வான்? அண்ணாவுக்குப் போட்ட ஓட்டையை எனக்கும் போடுவான்.”

“அப்படி இல்லாமலும் இருக்கலாம்தானே.”

“இஞ்ச பார் பிலோ, பிள்ளையளுக்கு இதைச் சொன்னியென்டா பிறகு நான் உன்னோட கதைக்க மாட்டன். மிச்சம் இருக்கிற குரலை வேற ஆக்களுக்கு வச்சுக்கொள்ளுவன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார்.

அதனால் ஆண்டவரிடம் மட்டும்தான் சொல்ல முடிந்தது. நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். கோயில் நடை தூரம். அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் நேர்ந்தேன். இடையில் ஒரு செவ்வாய் தவறினாலும் திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று எங்கள் அம்மா சொல்லித் தந்திருந்தார். அதை நான் கட்டளை மாதிரிப் பிடித்துக்கொண்டேன். கேட்டது ஒன்றுதான். அவர் டொக்டரிடம் போகச் சம்மதிக்க வேண்டும். சுகம் தாரும் என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. கேட்டது கிடைத்தால் எல்லோரும் வாசிக்கக் கோயிலுக்குச் சாட்சி எழுதிக் கொடுப்பதாகவும் நேர்ந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் என் பெயரைச் சொல்லவே கூச்சப்படுவேன். எனக்கு ஆகக் கஷ்டமானதைத்தான் நேர வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்று செவ்வாய் போனேன். நாலாவது செவ்வாய் சித்திரை விடுமுறைக்குள் வந்தது. ஹெந்தளையில் இருக்கிற எங்கள் மகன் றொஷான் நுவரெலியாவுக்கு வாடகைக்கு வான் பிடித்துவிட்டான்.

“அம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒரு இடமும் வாறதில்ல. இந்த முறை சாட்டுச் சொல்லேலாது,” என்றான்.

செவ்வாய் பின்னேரம் ஏரிக்கரையில் பேரப்பிள்ளைகள் குதிரையில் ஏறினார்கள். எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது கோயிலில் பாட்டுத் தொடங்கியிருக்கும், இப்போது ஆசீர்வாதம் முடிந்திருக்கும் என்று மனம் அங்கேயே ஓடியது. மாமாவின் குரலுக்கு என்ன என்று மருமகள் கேட்டாள்.

“குளிர் மகள், குளிர்,” என்றார்.

வீட்டுக்கு வந்து மனம் தேறி, ஜூனில்தான் திரும்ப முதலாவது செவ்வாயில் இருந்து தொடங்கினேன். இந்த முறை ஐந்து செவ்வாய் சரியாகப் போயிற்று. ஆறாவது செவ்வாய் பின்னேரம் மகள் ஜெசிந்தா கனடாவில் இருந்து புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்து இறங்கினாள். எட்டு வருடத்துக்குப் பிறகு வருகிறாள். விமான நிலையத்தில் நிற்காமல் கோயிலுக்குப் போகிறேன் என்று எந்தத் தாய் சொல்வாள்? அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அந்த அழுகையில் பாதி நவநாளுக்காக என்பது அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரே ஓட்டம். வெள்ளவத்தைக்குச் சீலை எடுக்கப் போனோம். திருகோணமலைக்குக் கடல் குளிக்கப் போனோம். ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனோம். போகிற இடமெல்லாம் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும். வீடு நிறையச் சனம், சிரிப்பு, சாப்பாடு. அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு இடத்தில் இருக்க ஏலாது. சோற்றை வைத்துவிட்டு எழும்புவேன், துணியை மடித்துவிட்டுத் திரும்ப விரிப்பேன். ஒவ்வொரு ஊரும் அவருக்குக் குரலுக்குச் சொல்ல ஒரு சாட்டுக் கொடுத்தது. நுவரெலியாவில் குளிர். திருகோணமலையில் ஹோட்டல் ஏசி. மடுவில் புழுதி. மாதாவின் முன்னால் நின்று, அம்மா, இன்றைக்காவது அவருடைய மனதைத் திருப்பும் என்று கெஞ்சினேன். திரும்பி வரும் வழியில் அவர் வான் சீட்டில் சாய்ந்து நித்திரை கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை.

ஜெசிந்தா இரவில் என்னோடுதான் படுத்தாள். ஒரு நாள் குசினியில் வைத்து நேராகக் கேட்டாள்.

“அம்மா, அப்பாட குரல் ஏன் இப்படி? என்னட்ட ஏதும் மறைக்கிறீங்களா?”

“என்னத்தை மறைக்க? நீ வெங்காயத்தை வெட்டு.”

அவள் வெட்டினாள். இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டோம்.

அவர்கள் திரும்பிப் போகிற நாள், சின்னப் பேரன் காரில் ஏறும்போது, “தாத்தா ஏன் எப்பவும் ரகசியம் கதைக்கிறார்?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்குள் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

செப்டெம்பரில் மூன்றாம் முறை தொடங்கினேன். இரண்டு செவ்வாய் முடிந்திருந்தது. அப்போதுதான் றொஷான் ஒரு நாய்க்குட்டியை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். அவன் வீட்டு நாய் போட்ட குட்டி. வந்தவர்கள் எல்லோரும் போய் நாங்கள் தனியாகிவிட்டோமாம்.

“மூத்திரம் துடைக்க ஆள் தேடியிருக்கிறான், நாங்க ரெண்டு பேரும் அம்பிட்டிருக்கிறம்,” என்றார் இவர்.

ஒரு கிழமை கழியவில்லை. பிரௌனி என்று பெயர் வைத்த அந்தக் குட்டி அவருடைய மடியில் படுத்திருந்தது. தன் பிளேட்டில் இருந்த மீனை முள் எடுத்து அதற்குக் கொடுத்தார். எனக்கு நாற்பத்தாறு வருடத்தில் ஒரு நாளும் முள் எடுத்துத் தந்ததில்லை. அந்தக் குட்டி என் நவநாள் புத்தகத்தின் அட்டையை மென்று துப்பியது. மூன்றாவது செவ்வாய் விடாமல் வாந்தி எடுத்தது. மிருக வைத்தியரிடம் ஓட்டோவில் கொண்டுபோய் ஊசி போட்டு வரும்போது கோயில் கலைந்து சனம் ரோட்டில் வந்துகொண்டிருந்தது. இந்த நாய்க்குட்டி சாத்தான் அனுப்பியதோ என்று அன்றைக்கு நினைத்தேன். ஆண்டவர் மன்னிப்பாராக.

நாலாம் முறை. ஒக்டோபரில் தொடங்கினேன். மழைக் காலம். தண்ணீர் நிற்கிற ரோட்டில் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். ஒன்று, இரண்டு, மூன்று. இவர் கேலி பண்ணுவார். “அந்தோனியாருக்கே உன்னைக் கண்டு அலுத்துப் போயிருக்கும்.” எதற்காகப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். கேட்டதில்லை. ஏழு செவ்வாய் முடிந்தது. இன்னும் இரண்டுதான். அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரும் வந்துவிடக் கூடாது, யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது என்று ஃபோன் அடித்தாலே பயம்.

எட்டாவது செவ்வாய் பின்னேரம் நேரத்தோடு உடுத்து வெளிக்கிட்டேன். அவசரத்தில் கேற்றைச் சரியாகச் சாத்தவில்லை. பத்து அடி போயிருப்பேன். காலுக்குள்ளால் ஏதோ ஓடியது. பிரௌனி. நேரே நடு ரோட்டுக்குப் போய்விட்டது. ரோட்டு திரும்பும் முடக்கில் இருந்து ஒரு ஓட்டோ வேகமாக வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் வாசலில் நின்றார். பிரௌனி நான் கூப்பிட்டால் வராது, அவர் கூப்பிட்டால்தான் வரும். வீட்டுக்குள்ளே பக்கத்தில் நின்று மெல்லமாகச் சொன்னாலே ஓடி வரும். ஆனால் இது ரோட்டு. அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. சத்தம் வரவில்லை. திரும்பவும் திறந்தார். ஒன்றும் வரவில்லை. என் கல்யாண நாளில் இருந்து அந்த மனிதர் பயந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

ஓட்டோ பிரேக் அடித்து, சறுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் நின்றது. குட்டி முன்சில்லுக்கு ஒரு சாண் தள்ளி நடுங்கிக்கொண்டு நின்றது. ஓட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

“என்ன அங்கிள், படம் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க? ஒரு சத்தம் குடுத்தா நாய் நிக்கும்தானே. வாயில என்ன, கொழுக்கட்டையா?”

இவர் குனிந்து குட்டியைத் தூக்கினார். ஓட்டோக்காரரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, முகம் மாறி, “சரி அங்கிள், பரவாயில்லை,” என்று சொல்லிப் போய்விட்டார்.

உள்ளே வந்து இருந்தோம். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவரை அப்படியே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக மனம் வரவில்லை, எட்டாவது செவ்வாயும் போய்விட்டது. அதுவும் என்னுடைய கையாலேயே. இனித் தொடங்க எனக்குத் தெம்பு இல்லை, ஆண்டவரே, என்னை விட்டுவிடும் என்று மனதுக்குள் சொன்னேன்.

அவர் நெடுநேரம் குட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு காற்றுக் குரலில் சொன்னார்.

“போன ஞாயிறு றொஷான்ட சின்னவள் இதே கேற்றாலதான் ஓடினவள். நீ குசினிக்குள்ள நிண்டனி. மருமகள் ஓடிப் போய்ப் பிடிச்சது.”

நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

“மருமகள் இல்லாட்டி நான் இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு நிண்டிருப்பன்.”

பிறகு சொன்னார். “நாளைக்குப் போவம்.”

“எங்க?” எனக்குத் தெரியும். அவருடைய வாயால் கேட்க வேண்டும்.

“எங்கயாம். டொக்டரிட்டத்தான். பிள்ளையளுக்கு நீயே சொல்லு. எனக்குத்தான் குரல் இல்லையே.”

சகோதரங்களே, எட்டு மாதமாக நான் கேட்டது இதுதான். கோயிலுக்குப் போன செவ்வாயில் அல்ல, போகாமல் விட்ட செவ்வாயில் வந்தது.

டொக்டர் மூக்கு வழியாகச் சின்னக் கமரா விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ஒரு சின்னக் கட்டி. சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். ஆனால் அந்த ஒரு இடத்தை விட்டு எங்கும் பரவவில்லை. துளை போடத் தேவையில்லை, கதிர் வைத்தியம் போதும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் கதை வேறு என்றும் சொன்னார். இவர் என் கையைத் தேடிப் பிடித்தார். டொக்டருக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் கையை எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நாலு முறை நவநாளை உடைத்ததையும் மகளுக்குப் பொய் சொன்னதையும் பங்குச் சுவாமியிடம் சொன்னேன்.

“எல்லாமாக எத்தனை செவ்வாய் வந்தீங்க அம்மா?” என்று கேட்டார்.

விரல் மடித்துப் பார்த்தேன். “பதினேழு, சுவாமி.”

“பதினேழு தரமும் ஆண்டவர் கேட்டிருக்கிறார். உங்கட மகளுக்குத்தான் நீங்க ஒரு தரமும் சொல்லேல்ல. வீட்டுக்குப் போய் அவவோட கதையுங்க.”

ஜெசிந்தாவுக்கு ஃபோன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

“அம்மா, ஒரு மாசம் உங்கட பக்கத்திலதான் படுத்தனான்.”

ஃபோனை வைத்த பிறகும் அந்த வசனம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கும் கேட்கிறது.

ஆறு கிழமைக்கு மேல், சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்து, அதைக் கட்டிலோடு பூட்டிவிட்டுத்தான் கதிர் வைப்பார்கள். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. டிசம்பரில் நத்தாருக்கு எல்லோரும் கேக் சாப்பிட, அவர் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக விழுங்கினார். ஜனவரியில் ஜெசிந்தா தனியாக வந்தாள். என்னோடு அதிகம் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகிற கடைசி நாள் என் தலையை வாரிவிட்டாள். அதுவே எனக்குப் போதும்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு டொக்டர் திரும்பக் கமரா விட்டுப் பார்த்தார். கட்டி இல்லை. இனியும் சில மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். குரல் பழைய குரல் இல்லை, கரகரப்பு இருக்கிறது. ஆனாலும் குசினிக்குக் கேட்கும். தேத்தண்ணீருக்குச் சீனி போதாது என்று காலையில் அவர் சொல்லும்போது, நான் உள்ளே நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

இப்போதும் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகிறேன். எத்தனையாவது என்று பார்ப்பதில்லை. ஏலாத நாளில் வீட்டில் இருந்து செபிக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் தலையிடி வந்தாலும் இரண்டு பிள்ளைகளுக்கும் அன்றைக்கே தெரியும்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது என்னைப் போல வீட்டுக்குள் ஒரு நோயை மறைத்துக்கொண்டு தவிக்கலாம். ஆண்டவரை நம்புங்கள். செபத்தைத் தொடங்கி முடிக்க முடியாமல் போனாலும் பயப்பட வேண்டாம், அரைகுறைச் செபத்தையும் அவர் கேட்கிறார். வீட்டில் உள்ளவர்களிடமும் வாயைத் திறந்து சொல்லுங்கள். தனியாகச் செபிக்கத் தெம்பு இல்லாவிட்டால் செவ்வாய் பின்னேரம் வாருங்கள். பெண்கள் பக்கம், கடைசிக்கு முந்தின வாங்கில், காற்றாடிக்குக் கீழே இருப்பேன். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கொஞ்சம் தள்ளி இருந்து உங்களுக்கு இடம் தருவேன்.