இரண்டால் பெருக்கிய டிகிரி

நான் ஒரு சந்தேகப் பிராணி. கும்மிடிப்பூண்டியில் பன் கம்பெனி சூப்பர்வைசராக இருந்தவரை அப்படித்தான். ஒரு கார்த்திகை மழையில் பன் கல்லு மாதிரி வர ஆரம்பித்தது. என் சந்தேகம் நேராக ஸ்டெல்லாவிடம் போய் நின்றது. எளாவூர்க்காரி, மாவு பிசையும் மிக்ஸரில் மாவு பொங்குவதற்கான ஈஸ்ட்டைப் போடுகிற வேலை, சேர்ந்து பத்து நாள்தான். அவள் வந்தாள், மாவு உப்பவில்லை. வேறென்ன வேண்டும்?

மேனேஜருக்கும் சந்தேகம். "இன்னாபா, ஈஸ்ட்ட யாராவது ஊட்டுக்குத் தூக்கிக்கினு போறாங்களா?"

"பாத்துக்கிறேன் சார்."

அன்று சாயங்காலம் கேட்டில் எல்லார் முன்னாலும் அவள் பையைக் கொட்டச் சொன்னேன். டிபன் டப்பா, குடை, ஜெபமாலை. ஈஸ்ட் இல்லை. அப்போதும் நான் விட்டேனா? எங்கேயோ ஒளித்திருக்கிறாள் என்று மேனேஜரிடம் சொன்னேன். பெரிய துப்பறிகிற ஆள் என்று நினைப்பு! "சனிக்கிழமையோட அந்தப் பொண்ண நிறுத்திடு" என்றார் அவர்.

மறுநாள் காலை ஸ்டெல்லா என்னை மிக்ஸர் பக்கம் கூப்பிட்டாள். "நீங்களே ஈஸ்ட்டு போடுங்க சார். நான் கையக் கட்டிக்கினு நிக்கிறேன்."

போட்டேன். பிசைந்த மாவில் ஒரு ட்ரேயைச் சூடான ஓவன் மேலே வைத்தாள். இன்னொன்றை ப்ரூஃபரில், அதாவது மாவை உப்ப வைக்கும் சூட்டு அறையில் வைத்தாள். ஒரு மணி நேரத்தில் ஓவன் மேல் இருந்த மாவு பொங்கி நின்றது. ப்ரூஃபரில் வைத்தது அதில் பாதிகூட உப்பவில்லை.

"இப்ப யாரு சார் திருடினாங்க?"

தெர்மாமீட்டரை ப்ரூஃபருக்குள் வைத்தேன். 25 டிகிரி. ரெசிபியில் இருப்பது 38.

அந்த ஓவனும் ப்ரூஃபரும் சித்திரையில் வாங்கிய பழைய வெளிநாட்டு மெஷின்கள். டயல் பாரன்ஹீட்டில், எங்கள் ரெசிபி செல்சியஸில். இரண்டால் பெருக்கினால் போதும் என்று பேனலில் சார்ட் எழுதி ஒட்டியது சாட்சாத் நான்தான். ஓவனில் 200க்கு 400 என்று வைத்தால் பாதகமில்லை. சரியான கணக்கு 392, அந்த எட்டு டிகிரியை பன் தாங்கிக்கொள்ளும். ஆனால் ப்ரூஃபரில் 38க்கு 76 என்று எழுதியிருந்தேன். வைக்க வேண்டியது 100. மழையிலும் உள்ளே 25 டிகிரி, அதாவது 77 பாரன்ஹீட் இருந்ததால், 76இல் ஹீட்டர் ஆன் ஆகவே இல்லை. வெயில் காலத்தில் ஷெட்டே கொதித்ததால் மாவு தானாக உப்பியிருக்கிறது. மழை வந்ததும் என் கணக்கின் லட்சணம் தெரிந்துவிட்டது.

மேனேஜரிடம் போய், "தப்பு என்னுது சார், அந்தப் பொண்ண நிறுத்தாதீங்க" என்றேன். கிழி கிழியென்று கிழித்தார். வாங்கிக்கொண்டேன். பிறகு மிக்ஸர் பக்கம் வந்து, "மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

ஸ்டெல்லா சுற்றிலும் பார்த்தாள். "இங்க யாருமே இல்லியே சார். பையக் கொட்டச் சொன்னப்ப கேட்டுல நெறைய ஆளு இருந்தாங்களே."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஷிப்ட் முடிந்து கேட்டில் கூட்டம் சேர்ந்ததும் சத்தமாகச் சொன்னேன்: "ஈஸ்ட்ட யாரும் எடுக்கல. சார்ட்ட தப்பா எழுதினது நான்."

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். செல்சியஸை 1.8ஆல் பெருக்கி 32 கூட்டுங்கள். கூட்ட மறந்தால் கெடுவது மாவு மட்டும் இல்லை, அடுத்தவர் பெயரும்தான். சந்தேகம் வந்தால் தெர்மாமீட்டரை வையுங்கள், அடுத்து நீங்கள் எழுதியதைப் பாருங்கள். அதற்குள் ஒருத்தர் மேல் பழி போட்டுவிட்டீர்களா? எத்தனை பேர் முன்னால் போட்டீர்களோ, அத்தனை பேர் முன்னாலும் நின்று அதைத் துடையுங்கள்.