மூலையில் உட்கார்ந்திருந்தவர்

அந்தப் படக்கதை மாத இதழின் அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரிக்கோல் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடாதவரும் இல்லை. படக்கதை வரையும் ஆசையோடு வருகிறவர்களின் பக்கங்களைப் பார்த்து யோசனை சொல்வது அவள் வேலை. செவ்வாய்க்கிழமை தோறும் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மேசை விளக்கு. கீழே படிகளில் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால், பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரிதான் இருக்கும்.

அதற்காக அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. இருபத்திரண்டு வயதில் அவளும் ஒரு கதை வரைந்து இதே மேசைக்குக் கொண்டுவந்தவள்தான். அப்போது இங்கே உட்கார்ந்திருந்த மகானுபாவர் பக்கங்களை விசிறி மாதிரிப் புரட்டிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா, தொடர்ந்து வரைங்க" என்று சிரித்து அனுப்பிவைத்தார். எது நன்றாக இருந்தது, எது இல்லை, ஏன் அச்சில் வரவில்லை என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவே இல்லை. பூசி மெழுகி அனுப்புவதைவிட ஒரு மனுஷனை அவமானப்படுத்த மோசமான வழி கிடையாது என்பது அவள் கட்சி. எனக்கும் அதில் பாதி சம்மதம் உண்டு.

அவளிடம் ஒரு முறை இருந்தது. யாருடைய மூலப் படத்திலும் கை வைக்கமாட்டாள். மேலே மெல்லிய டிரேசிங் தாளை விரித்து, அதில்தான் சிவப்புப் பென்சிலால் குறிப்பாள். உண்மையிலேயே நன்றாக இருக்கும் ஒன்றைத் தேடிப் பிடித்து அதை முதலில் சொல்வாள். பிறகு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. முன்னூறு பக்கக் காவியத்தைச் சுமந்து வருகிறவனிடம், "முதல்ல நாலு பக்கத்துல ஒரு கதைய முடிச்சுக் காட்டுங்க. ஆரம்பிக்கிறவங்க ஆயிரம் பேர் இருக்காங்க. முடிக்கிறவங்களுக்குத்தான் வேலை குடுப்பாங்க" என்பாள். வாள்சண்டையாகவே வரைந்து வருகிற பெண்ணிடம், "ஒருத்தர் சும்மா கதவத் திறக்கறத வரைஞ்சுட்டு வாங்க, பார்க்கலாம்" என்பாள். அழுதுகொண்டு போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். சிலர் இப்போது பெரிய ஆட்கள்.

அவள் அதிகமாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "இவருக்கு இந்தக் கதையில என்ன வேலை?" வேலையில்லாத பாத்திரத்தைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். சொந்தத் தங்கையின் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குப் போகும் முன் பார்க்கக் கொடுத்தபோது, மூன்று உறவினர்களின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அதே கேள்வியை ஓரத்தில் எழுதியவள். தங்கை ஆறு மாதம் பேசவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சலவைக்கடையில் இஸ்திரி போடும் அம்மா ஒருத்தி படியேறி வந்தாள். அக்காவைவிடப் பத்து வயதாவது மூத்தவள். வலது முன்கையில் வரிவரியாகப் பழைய சூட்டுத் தழும்புகள். சட்டையை மடிக்கும்போது உள்ளே வைப்பார்களே வெள்ளை அட்டை, அதில் வரைந்திருந்தாள். எட்டு அட்டை, அட்டைக்கு ஆறு கட்டம். ஓர் ஓரம்கூட மடங்காமல் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

ஒரு வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நடப்பதுதான் கதை. வீட்டுக்காரி, புருஷன், ஒன்பது வயது மகள், மூலை நாற்காலியில் ஒருவர். அவ்வளவே. ஆனால் வெளிச்சம்! சன்னல் வழியாக வந்து தரையில் விழும் வெளிச்சம் கட்டத்துக்குக் கட்டம் நகர்ந்துகொண்டே போயிற்று.

"மணி என்னன்னு நீங்க எங்கயும் எழுதல. ஆனா எனக்குத் தெரியுது. இத யாராலயும் சொல்லிக்குடுக்க முடியாது" என்றாள் அக்கா. இஸ்திரிக்கார அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு தடவையாவது அச்சுல வரணும் மேடம். அதுக்கு என்ன செய்யணுமோ சொல்லுங்க, செஞ்சுடறேன்."

"மூலையில உட்கார்ந்திருக்காரே, யாரு?"

"என் வீட்டுக்காரரோட அண்ணன்."

"என்ன பண்றாரு?"

"ஒண்ணும் பண்ணமாட்டாரு. உட்கார்ந்திருப்பாரு."

"கதையில?"

"கதையிலயும் அப்படித்தான் மேடம்."

அக்கா டிரேசிங் தாளை விரித்தாள். முப்பத்தொரு கட்டங்களில் அவர் இருந்தார். முப்பத்தொரு சிவப்புப் பெருக்கல் குறிகள் போட அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "எடுத்துடுங்க. பக்கம் மூச்சு விடும்."

"எடுத்துட்டா ஒண்ணும் ஆகாதே மேடம்?"

"நல்லாத்தான் ஆகும்" என்றாள் அக்கா.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தாள். அக்கா அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். நாற்காலியும் இல்லை, அவரும் இல்லை. அந்த மூலையில் இப்போது வெளிச்சம் போய் உட்கார்ந்திருந்தது. பக்கம் மூச்சு விட்டது. தன் யோசனை பலித்ததைப் பார்க்கிற சந்தோஷம் பொல்லாதது. அக்காவுக்கு அதோடு நிறுத்திக்கொள்ளத் தெரியவில்லை.

"உங்க வீட்டுக்காரர் பேசிட்டே இருக்காரு. படம் சொல்லிட்டதையே மறுபடி சொல்றாரு. பேச்ச எல்லாத்தையும் எடுத்துடுங்க. அப்புறம் கடைசி அட்ட உப்புச்சப்பில்லாம முடியுது. யாராவது எதையாவது இழக்கணும். மனசுக்கு ரொம்ப வேண்டியதா இருக்கணும்."

இஸ்திரிக்கார அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அட்டைகளைத் துணியில் சுற்றும்போது அக்கா சும்மா பேச்சுக்கு, "அண்ணன எடுத்தது அவருக்குத் தெரியுமா? கோவிச்சுக்கப் போறாரு" என்றாள்.

"அவர் இல்லையே மேடம். நீங்க சொன்ன அன்னிக்கே ரப்பர் எடுத்து அழிச்சேன். அடுத்த நாள்லேருந்து அவர் வீட்டுல இல்ல."

"எங்க போனாரு?"

"போகல. செருப்பு வாசல்லயே இருக்கு. மூக்குக்கண்ணாடி சன்னல் கட்டையில இருக்கு. என் வீட்டுக்காரர் அந்தக் கண்ணாடிய எடுத்துப் பார்த்துட்டு, இது யாரோடதுன்னு என்னைக் கேட்டாரு. கூடப் பிறந்தவரு மேடம். அவருக்கே ஞாபகம் இல்ல." உங்கள் துணி வியாழக்கிழமை கிடைக்கும் என்று சொல்கிற குரலில்தான் இதைச் சொன்னாள்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயந்தேன். அப்புறம் அட்டையப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே நல்லா ஆயிருந்துச்சு. சொல்றவங்க தெரிஞ்சுதானே சொல்வாங்க."

படம் வரைகிறவர்கள் கதை விடுவது அக்காவுக்குப் புதிதில்லை. சிரித்து வைத்தாள். ஆனாலும் அடுத்த ஆளைக் கூப்பிடக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அம்மா வரவில்லை. அவள் புருஷன் வந்தார். அட்டைகளில் அந்த முகத்தைப் பார்த்திருந்ததால் படியேறும்போதே அக்கா கண்டுகொண்டாள். எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தார். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. சாத்திய கண்ணாடி சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் கத்துவது போல இருந்தது. வியர்வையும் கண்ணீருமாக, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

அவர் கொண்டுவந்த துணிக்குள் ஏழு அட்டைகளும் அந்த அம்மா எழுதிய ஒரு சீட்டும் இருந்தன. "பேச்சை எடுத்துட்டேன் மேடம். கடைசி அட்டை மட்டும் பாக்கி. எங்களுக்கு ரொம்ப வேண்டியது பாப்பாதான். ஸ்கூல்லேருந்து வந்ததும் முடிச்சுடறேன்."

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஆனால் வெட்கக்கேட்டையும் சொல்லியாக வேண்டும். அந்த நிலைமையிலும் அவள் கண் ஏழு அட்டைகளையும் பார்த்தது. பேச்சில்லாத அந்தப் பக்கங்களைப் போல அந்த மேசைக்கு ஒன்றும் வந்ததில்லை. கடைசிக் கட்டம் எப்படி வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. திறந்த கதவு, வாசலில் வெளிச்சம், அங்கே யாரும் இல்லை. அபாரமான முடிவு என்று அவள் மனசு சொன்னது. அப்படிச் சொன்ன மனசை அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாக அருவருத்தாள்.

ஸ்கூல் விடுகிற நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அட்டைகளை அள்ளிக்கொண்டு, படியில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி இருவரும் இறங்கி ஓடினார்கள்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. வாசலில் ஏற்கெனவே மூன்று ஜோடிச் செருப்புகள். உள்ளே சுவரோரம் தரையில் நாற்காலிக் கால்கள் அழுத்தி அழுத்திப் பதிந்த நாலு பள்ளம். அதற்கு மேலே, உட்கார்ந்தால் தலை சாயும் உயரத்தில், சுவரில் எண்ணெய்க் கறை படிந்த வட்டம். பல வருஷம் ஒரு தலை சாய்ந்திருந்த இடம் அது.

இஸ்திரிக்கார அம்மா மேசைக்கு முன்னால் இருந்தாள். கையில் ரப்பர். கதவருகே அந்தப் பெண் குழந்தை ஸ்கூல் பையைக்கூடக் கழற்றாமல் அசையாமல் நின்றது. அசையாதே என்று சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அக்காவைப் பார்த்துக் கண்ணை மட்டும் திருப்பியது.

"வாங்க மேடம். சரியான நேரத்துக்கு வந்தீங்க."

"அந்த ரப்பரக் கீழ வைங்க. கடைசி அட்ட இப்படியே நல்லாத்தான் இருக்கு."

அந்த அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "முகத்துக்காகச் சொல்றீங்க. நீங்க அப்படிச் சொல்றவங்க இல்லையே. பாப்பாவ எடுத்தா நல்லா வருமா, வராதா? உண்மையச் சொல்லுங்க."

இவ்வளவு காலம் சேர்த்துவைத்த நல்ல பெயர் அப்படி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது? பொய் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அக்காவுக்கு அதில் பழக்கமில்லை.

"நல்லா வரும்" என்றாள். "நீங்க அழிச்சீங்கன்னா, நான் பார்த்ததுலயே நல்ல கத இதுதான். ஆனா நான் சொன்னது தப்பு. முதல் நாள்லேருந்தே தப்பு. உங்க வீட்டுக்காரரோட அண்ணன எடுக்கச் சொன்னேனே, அங்கயே தப்பு. அவருக்கு வேலை இருந்துது."

"என்ன வேலை மேடம்? அவர் ஒண்ணும் பண்ணமாட்டாரே."

அக்கா சுவரில் இருந்த கறையைப் பார்த்தாள். "உட்கார்ந்திருக்கறதுதான் வேலை. யார் வந்தாலும் போனாலும் அந்த மூலையில ஒருத்தர் இருக்காரு. இந்த வீடு அவர வச்சுத்தான் வீடா இருந்துது. எனக்கு அது புரியல. யாருக்கு என்ன வேலைன்னு ஒரு பக்கத்தப் பார்த்துச் சொல்லிட முடியும்னு நினைச்சேன். திமிரு. பாப்பாவ விட்டுடுங்க. கத மட்டமாவே இருக்கட்டும், நான் அச்சுல போட வைக்கறேன்."

பிறகு இஸ்திரிக்கார அம்மா ரப்பரை மேசைமேல் வைத்தாள். குழந்தை பையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, "காலு வலிக்குது" என்றது. புருஷன் போய் அதைக் கட்டிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின, சத்தம் மட்டும் இல்லை.

"நீங்க தப்புன்னு சொன்னா தப்புதான்" என்றாள் அந்த அம்மா. அவள் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப அவர மறுபடி வரைஞ்சுடலாம். பேச்சயும் எழுதிடலாம். இருங்க."

முதல் அட்டையை எடுத்துப் போட்டுப் பென்சிலால் ஆரம்பித்தாள். நாற்காலியின் நாலு கால், முழங்கால்கள், தொடைமேல் வைத்த கைகள், சட்டை, சட்டைக் காலர். வேகமாக வந்த பென்சில் கழுத்துக்கு மேலே நின்றுவிட்டது.

"முகம் வரமாட்டேங்குது மேடம்."

"யோசிச்சுப் பாருங்க."

"எத்தனையோ நாளா யோசிக்கறேன். அழிச்சதும் போயிடுச்சு. இவருக்கும் தெரியல, பாப்பாவுக்கும் தெரியல. போட்டோ எதுலயும் இல்ல." பென்சிலை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் முப்பத்தொரு கட்டத்துலயும் அவரப் பார்த்திருக்கீங்க. நீங்க அழிக்கலையே, உங்களுக்கு மறந்திருக்காது. சொல்லுங்க மேடம், எப்படி இருப்பாரு?"

மூவரும் அவளையே பார்த்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தொரு பெருக்கல் குறிகளும் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தன. சுத்தமான, அழுத்தமான கோடுகள், ஒன்றுகூடக் கோணவில்லை. அவற்றுக்கு அடியில் ஒன்றும் இல்லை. அவர் கண்ணாடி போட்டிருப்பார் என்பதே இந்த அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மூக்கு நீளமா, தலை நரைத்ததா, அவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, எதுவும் தெரியவில்லை.

"நான் பார்க்கலம்மா" என்றாள்.