டாக்டர் வேதாசலம் சொன்ன பதில்

டாக்டர் வேதாசலம் காலமான செய்தியை என் பெட்டிக்கடைக்கு எதிரே ஒட்டப்பட்ட சுவரொட்டி சொல்லித்தான் அறிந்தேன். "யானைக்கால் நோயை ஒழித்த மேதை" என்று அச்சடித்திருந்தார்கள். "யாருபா ஒழிச்சாங்க? என் காலை வந்து பாரு" என்று ஒட்டியவரிடம் சண்டைக்குப் போனேன். டாக்டரை அறிந்தவர்கள் என்னைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அறுபதுகளில் சின்ன காஞ்சிபுரத்தில் வீடு வீடாக இரத்தம் எடுக்க வந்தார். இருட்டிய பிறகுதான் அந்தக் கிருமி இரத்தத்தில் தென்படும் என்பதால் இரவில் வருவார். கால் வீங்கி, தறிக்குழியில் இறங்க முடியாமல் நான் நெசவை விட்டிருந்த சமயம் அது. வாசலை மறித்துக்கொண்டேன்.

"ரத்தத்த எடுத்துக்கினு போயிடுவீங்க. என் கால் வத்துமா, அத்த சொல்லுங்க."

"வத்தாதுப்பா. இன்னொருத்தருக்கு வராம தடுக்க முடியுமான்னுதான் பார்க்கறேன்."

அதற்கு முன் பார்த்த வைத்தியர்கள் எல்லோரும் வற்றும் என்றே சொல்லியிருந்தார்கள். நான் விரலை நீட்டினேன்.

தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைக்கச் சொன்னார். "இத்த சொல்றதுக்கா சார் இவ்ளோ படிச்சீங்க?" என்றேன். "இதுக்கும்தான்" என்றார். அடிக்கடி வந்த காய்ச்சல் குறைந்தது உண்மை.

அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சிக்காக ஊரில் பாராட்டு விழா எடுத்தார்கள். விழாக் குழுச் செயலாளர் என்னிடம் வந்தார்.

"டாக்டராலதான் குணமானேன்னு ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே."

"குணமாவலயே."

"மேடையில யாருண்ணே காலைப் பார்க்கப் போறாங்க? வேட்டியைத் தழைய கட்டிக்கினு வாங்க."

உண்மையைச் சொன்னால், சென்னையிலிருந்து வரும் பெரிய டாக்டர்கள் முன்னால் நம் டாக்டருக்குத் தலைகுனிவு. பொய் சொன்னால் நான் சுமக்கும் இந்தக் கால் இல்லையென்றே ஆகிவிடும். மேடை ஏறும்வரை முடிவு செய்யவில்லை. ஒலிபெருக்கி முன் நின்றதும் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினேன்.

"என் கால் குணமாவல. ஆவாதுன்னு என்கிட்ட நேரா சொன்ன டாக்டர் இவரு ஒருத்தருதான்."

செயலாளர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். போர்த்திய பட்டுச் சால்வையோடு டாக்டர் எழுந்து வந்தார்.

"இவர் சொல்றது சரி. புதுசா வராம தடுத்தோம், வந்த காலை வத்த வைக்கல; நாங்க செஞ்சது பாதி வேலை. சின்ன வயசு டாக்டர்கள் யாராவது வந்திருந்தா, சாப்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் காலைப் பார்த்துட்டுப் போங்க."

இருவர் வந்து மேடையிலேயே குனிந்து பார்த்தார்கள். செயலாளர் இன்றுவரை என் கடைப் பக்கம் வருவதில்லை. வராவிட்டால் போகட்டும். மீதிப் பாதி வேலைக்கும் இதுவரை யாரும் வரவில்லை. அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

டாக்டரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். வருஷக்கணக்காக வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்து, வற்றுமா என்று யாராவது என்னைக் கேட்டால், ஆறுதலுக்காகப் பொய் சொல்ல வாய் வருவதில்லை. "வத்தாதுப்பா. உள்ள வந்து உக்காரு" என்கிறேன்.