வாசலில் கொடுத்த வேட்டி

எங்கள் மருந்து மொத்த விற்பனை நிறுவனத்துக்குக் கங்கைகொண்டான் பக்கம் ஒரு கிடங்கும் அதன் மாடியில் அலுவலகமும் இருக்கின்றன. கணினிப் பிரிவு என் பொறுப்பு. சென்ற வருடம் ஆனி முடியும் தறுவாயில் புது சர்வர்கள் வந்து இறங்கின. ஆடியில் எதையும் தொடங்க வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டதால் அவை பிரிக்கப்படாமல் கிடந்தன. ஆவணியின் முதல் முகூர்த்த நாளில் இயக்கினோம். நாளும் மாதமும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, இதில் பிழையிராது.

அதற்கு முன் இருந்தது ஒரு கதம்பம். பில் போட ஒரு சர்வர், கணக்குகளைச் சேமிக்க வேறொரு பெட்டி, இரண்டையும் இணைக்க எங்கிருந்தோ வாங்கிய நெட்வொர்க் ஸ்விட்ச். எல்லாவற்றையும் சேர்த்து ஓட வைத்தவர் சீவலப்பேரி அண்ணாச்சி. ஊர்ப் பெயராலேயே அவரை அழைப்போம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், கணினி பழுதுபார்ப்பவர். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டவுன் பஸ்ஸில், தூசி ஊதும் பிளோயரைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து ஊதித் துடைத்து மூடுவார். மறுநாள் பூஜைக்கும் வந்து, சர்வர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். முடிந்ததும் முதலாளி தாம்பாளத்தில் வைத்து அவருக்கு வேட்டியும் துண்டும் தருவார்.

புதிதாக வந்ததை ‘ஹைப்பர்கன்வர்ஜ்டு’ என்கிறார்கள். கணக்குப் போடுவதும் சேமிப்பதும் ஒரே பெட்டிக்குள். அப்படி மூன்று, ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் சுமக்கும். டிஸ்க், மெமரி, மென்பொருளின் பதிப்பு வரை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துமா என்று விற்கும் கம்பெனிக்காரர்களே சோதித்து, சரிபார்த்துத் தருகிறார்கள். அதனால் அவர்கள் ஆட்கள் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். வைத்தால் பொறுப்பேற்க மாட்டார்கள். இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவன் நான். பில் நின்றால் தென்காசி வரை மருந்து போகாது என்று முதலாளியிடம் வாதாடினேன். இன்றும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லவில்லை. போனை எடுப்பேன், நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துவிடுவேன். புரட்டாசி வந்துவிட்டது. மேலே வந்து, எல்லார் முன்னாலும் பையைத் திறந்தபின் அவரைத் தடுக்க நேர்ந்தால் அவர் முகம் என்னாகும் என்பதே என் கவலை. அதைத் தவிர்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பூஜைக்கு வாங்கிய வேட்டிகளில் ஒன்றை முன்கூட்டியே எடுத்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு ஒரு பையில் போட்டு வைத்தேன். பூஜைக்கு முந்தின நாள் அவர் வந்ததும் கூப்பிடும்படி காவலாளியிடம் சொல்லி, கூப்பிட்டதும் கேட்டுக்கு இறங்கிப் போனேன்.

“என்னவே, வரவேற்பு பலமா இருக்கு? கேட்டுக்கே வந்துட்டீரு!”

“அண்ணாச்சி, இந்த வருஷம் கிளீனிங் இல்ல. புது மெஷின். கம்பெனிக்காரன் தவிர யாரும் திறக்கக் கூடாதாம்.”

“திறக்க வேண்டாம்வே. வெளித்தூசிய ஊதிட்டுப் போறேன்.”

“தொடவே கூடாதாம்.”

அவர் சிரித்தார். “தொடக் கூடாதா? நான் குளிச்சிட்டுல்லா வந்திருக்கேன்!”

லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பையை நீட்டினேன். உள்ளே பார்த்தவரின் சிரிப்பு நின்றது.

“இதென்ன, வாசல்லயே வச்சுக் குடுத்து அனுப்புதீரு?”

“உங்களுக்கு அலைச்சல் வேண்டாமேன்னு...”

“எங்க ஐயாவுக்கு இப்படித்தான் குடுப்பாவ. பொங்கலுக்கு, பண்ணை வீட்டுக் கொல்லை வாசல்ல. உள்ள வரச் சொல்ல மாட்டாவ.” கோபமாகச் சொல்லவில்லை. வழி சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தக் கொல்லை வாசல்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். அவருடைய அப்பா அப்படியொரு வாசலில் நின்றவர் என்பது, அத்தனை வருடம் பழகியும் எனக்குத் தெரியாது. அவர் பொரியை எடுத்துக் காவலாளியோடு பங்கிட்டுக்கொண்டார். வேட்டியை என் கையிலேயே திருப்பி வைத்தார். “முதலாளி கையால வாங்குனாத்தாம்வே அது வேட்டி,” என்று சொல்லி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறுநாள் பூஜையில் முதலாளி, “எங்கடே சீவலப்பேரிக்காரர்?” என்று கேட்டார்.

“நேத்தே வந்துட்டுப் போயிட்டாரு முதலாளி,” என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. சர்வர்மேல் சந்தனம் பட்டால் காற்று போகும் வலை அடைபடும் என்று ரேக்கின் கண்ணாடிக் கதவில் நானே பொட்டு வைத்தேன். அப்போதுதான் உறைத்தது: ஒப்பந்தம் அந்த மூன்று பெட்டிகளைத் தொடக் கூடாது என்றது. அவர் மாடிக்கு வரக் கூடாது, பூஜையில் நிற்கக் கூடாது, பக்கத்து அறையில் பழைய கணினிகளைத் துடைக்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. கேட்டுக்கு அப்பால் அவரை நிறுத்தியது நான்.

கார்த்திகையில் பில் பிரிண்டர் பழுதானது. அதெல்லாம் சர்வர் கம்பெனிக்காரர்களின் வேலையில்லை. கூசிக்கொண்டே அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். “வாரேன்வே,” என்றார், மதியத்துக்குள் வந்தும்விட்டார். ஆனால் மாடி ஏறவில்லை. காவலாளியின் பெஞ்சில் உட்கார்ந்து, பிரிண்டரைக் கீழே கொண்டுவரச் சொல்லி ஆளனுப்பினார். நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவர் அதைப் பிரித்து, சிக்கியிருந்த தாளை உருவி, பல்சக்கரத்தைத் துடைத்தார்.

“மேல வாங்க அண்ணாச்சி. ஃபேன் இருக்கு, உக்காந்து பாக்கலாம்.”

அவர் நிமிரவில்லை. “இங்கனயே இருக்கட்டும்வே. காத்து நல்லாத்தான் வருது.”