வெள்ளைதான் நல்லா போவுது

எங்கள் வீட்டில் ஒழுங்காகப் பிறந்த பிளாஸ்டிக் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. வாளிக்குக் கைப்பிடி மாட்டும் காது ஒரு பக்கம்தான் இருக்கும். குளிக்கிற மக்கின் வாய் கோணியிருக்கும். என் டிபன் பாக்ஸின் மூடி மூன்று மூலைகளை மட்டும் மூடும்; நான்காவது மூலை வழியாக ரசம் இறங்கி என் கணக்கு நோட்டுக்குப் போய்விடும். எல்லாம் மாமா கொண்டுவந்தவை. அம்மாவின் தம்பியான அவர் திருவொற்றியூரில் எங்களோடுதான் இருந்தார். மணலிப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கிற இடம் அது. அங்கே நல்லதாக விழுவது கடைக்குப் போகும். கோணலாக விழுவது மறுபடி உருக்க அரவைக்குப் போகும். அரவைக்கும் ஆகாதது எங்கள் வீட்டுக்கு வரும். உலகமே இப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் அது. அதற்கு முந்தைய வருடம்தான் அச்சு மூடும்போது மாமாவின் வலது கை மாட்டி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அதுவரை பெரிய மெஷினை ஓட்டியவரை, முதலாளி பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து சாமான்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை இடது கையால் பிளேடு பிடித்துச் சீவ வேண்டும். மாமா அதைப் பற்றி வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவார். “பேஜாராகீறான், அவன்கிட்ட வாய் குடுக்காத” என்று அம்மா என்னை அடக்குவாள்.

அப்படி இருக்கும்போது கம்பெனிக்கு ஒரு புது ஆர்டர் வந்தது. தொப்பி போட்ட ஒரு சார், நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து காரில் வந்தார். டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டாம். இரும்புக் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும், அதன் அடியில் ஒரு கூடை இருக்கும். தூரத்திலிருந்து தட்டை வீசி அந்தக் கூடையில் விழவைக்க வேண்டும். பக்கத்திலிருந்து போடும் தட்டு மெத்தென்று இருக்கலாம், வெகுதூரம் போடும் தட்டு கெட்டியாக இருக்கலாம். நடுத்தூரத்துக்கு என்று ஒரு தட்டு இருக்கிறது, அதற்குத்தான் எந்த பிளாஸ்டிக் என்பது பெரிய பாடு என்றாராம். கையில் வழுக்கக் கூடாது, காற்றில் ஆடக் கூடாது, கம்பத்தில் பட்டால் உடையவும் கூடாது. அச்சு அவருடையது. பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுப்பது கம்பெனியின் பொறுப்பு.

உருக்குவதற்கு மூட்டையில் வரும் பிளாஸ்டிக் மணியை நகத்தால் கீறியே இன்னது என்று சொல்லக்கூடியவர் கம்பெனியில் மாமா ஒருவர்தான். முதலாளி அவரைக் கூப்பிட்டு, சரியானதாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் இந்த ஆர்டரோடு பெரிய மெஷினும் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். மாமா அன்று இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். தட்டை வீசிப் பார்க்க வேண்டுமே. வலது கையில் பிடிக்க விரல் இல்லை. இடது கையால் வீசினார். அது டீக்கடையின் தகரக் கூரை மேல் போய் விழுந்தது. நானோ ரிஜெக்ட் ஆன டப்பா மூடிகளை மொட்டை மாடியில் வருடக் கணக்காக வீசி விளையாடியவள். ஆகவே அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது.

சோதனைக்கு மூன்று விதமாகப் போட்டிருந்தார்கள். வெள்ளை, மஞ்சள், பச்சை. ஒவ்வொன்றிலும் நான்கு தட்டுகளை மாமா என்னிடம் கொடுத்தார்.

“பத்து தபா நேரா போடு. பத்து தபா குடோன் செவுத்துல அடி. கலரு புடிச்சிகீதுன்னு சொல்லாத பாப்பா. எது நேரா போவுது, எது ஒடையல, அத்த மட்டும் சொல்லு” என்றார்.

எங்கள் தெருக்கோடியில் மூடிக் கிடந்த ஒரு பழைய குடோன் இருந்தது. அதைத் தாண்டினால் கடலுக்குத் தடுப்பாகக் கொட்டிய கருங்கற்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே போனேன். மஞ்சள் பொரிக்காத அப்பளம் மாதிரி வளைந்தது, காற்றில் தள்ளாடியது. வெள்ளை தூரமாகப் போனது, ஆனால் உள்ளங்கை வேர்த்தால் வழுக்கியது. சுவரில் நான்காவது அடியிலேயே இரண்டாகப் பிளந்துவிட்டது. பச்சையை எடுத்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கியது, விட்டால் பழையபடி நின்றது. வீசினேன். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல், நான் பார்த்த இடத்துக்கே போனது. சுவரில் பத்து தடவை அடித்தும் ஒரு கீறல்கூட இல்லை.

நியாயமாகப் பார்த்தால் வேலை அங்கேயே முடிந்தது. ஆனால் என் மண்டை வேறு மாதிரி ஓடியது. பச்சை நல்லது என்று சொன்னால் அது பெட்டியில் ஏறி எங்கேயோ போய்விடும். ஆகாது என்று சொன்னால்? அந்தப் பச்சைச் சரக்கு வேறு எதோடும் உருகிச் சேராது, அரவைக்கு லாயக்கில்லை என்று மாமாவே அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் சோதனைக்குப் போட்டது மொத்தமும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஒரு மூட்டை நிறைய, கோணல் இல்லாத, ஒழுங்காகப் பிறந்த சாமான்கள். உடைந்த வெள்ளைத் துண்டுகளைக் கருங்கல் இடுக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

“இன்னா பாப்பா, எது?”

“வெள்ளைதான் மாமா நல்லா போவுது.”

“பச்சை?”

“லெஃப்ட்ல இழுத்துகினு போவுது.”

“செவுத்துல அடிச்சியா? வெள்ளைல ஒண்ணு கொறையுதே?”

“அடிச்சேன், ஒண்ணும் ஆவல. ஒண்ணு கடல்ல வுழுந்துருச்சு.”

மாமா வெள்ளையை நகத்தால் கீறினார், தரையில் இரண்டு தட்டு தட்டினார், புருவத்தைச் சுருக்கினார். “கெட்டியா கீதே” என்றார். பிறகு, “சரி, வீசினவ நீ. நீ சொல்றதுதான்” என்று மிச்சத் தட்டுகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. மூட்டையைப் பற்றி மட்டும் யோசித்தவளுக்கு, மெஷினைப் பற்றிய யோசனை மெதுவாகத்தான் வந்தது. மாமா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஷேவ் செய்தார். அம்மா அவருடைய சட்டையைக் கொண்டுபோய் இஸ்திரி போட்டு வாங்கிவந்தாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் பக்கத்தில் போய் நின்றேன். “இன்னா கண்ணு?” என்பார். “ஒண்ணுமில்ல மாமா” என்று திரும்பிவிடுவேன்.

தொப்பி சார் வரும் நாளில், வீசிக் காட்டுவதற்கு என்னையும் கூட்டிப்போனார் மாமா. கம்பெனிக்குப் பக்கத்து மைதானத்தில் இரும்புக் கூடையை நிறுத்தியிருந்தார்கள். வெயிலில் சங்கிலிகள் பளபளத்தன. ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் சார், நடுவில் இஸ்திரி சட்டையோடு மாமா. என் கையில் வெள்ளைத் தட்டு. கூடையில் பட்டால் உடையும். படாவிட்டால் தட்டு சரியில்லை என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்வேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

முதல் தட்டை வேண்டுமென்றே வலது பக்கம் போட்டேன். இரண்டாவதை இடது பக்கம். முதலாளியின் முகம் மாறியது. “நல்லா போடும்னு சொன்னீங்களே?” என்றார் சார். மாமா குனிந்து என் காதருகே, “பயப்படாத. கூடைய மட்டும் பாரு” என்றார். அவர் மேல் புதுச் சோப்பு வாசனை அடித்தது. எனக்கு அழுகை வந்தது. மூன்றாவதை நேராக, ஆனால் வலுவில்லாமல் போட்டேன். கூடைக்கு முன்னாலேயே மண்ணில் விழுந்தது.

“குடும்மா, நான் போடறேன்” என்று சிரித்துக்கொண்டே சார் வாங்கிக்கொண்டார்.

முதல் வீச்சு சங்கிலியில் பட்டு, கலகலவென்று சத்தத்தோடு கூடைக்குள் விழுந்தது. உடையவில்லை. இரண்டாவதும் விழுந்தது. உடையவில்லை. மாமா என் தோளைத் தட்டினார். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது நேராகக் கம்பத்தில் அடித்தது. முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்தான் கேட்டது. இரண்டு துண்டுகளும் மண்ணில் கிடந்தன.

சார் ஒரு துண்டை எடுத்து அதன் விளிம்பை விரலால் தடவினார். “இது யார் மேலயாவது பட்டா கிழிச்சிடும்ங்க” என்றார்.

முதலாளி தெற்கத்திக்காரர். கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். “யாருடே இதப் பாத்து எடுத்தது?”

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

“நாந்தான் மொதலாளி.”

“நீயா வீசிப் பாத்த?”

“ஆமா.”

முதலாளி அவருடைய வலது கையைப் பார்த்தார். கம்பெனி ஷெட் வாசலில், வாய் கட்டிய மூட்டையில் பச்சைத் தட்டுகள் இருந்தன. ‘அதைப் போட்டுப் பாருங்க’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் கம்பத்தைக் கழற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு, சொல்லி அனுப்புகிறேன் என்று போனவர் சொல்லி அனுப்பவே இல்லை.

மறுநாள் மாமா பிளேடுக்கே திரும்பினார். பெரிய மெஷினை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாரத்திலேயே, நான் ஆசைப்பட்டபடியே, மூட்டையும் வீட்டுக்கு வந்தது. “எதுக்கும் ஆவாதாம். வெச்சு வெளயாடு” என்று இறக்கிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் நான்கு நாள் அதைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் தொட்டுவிட்டேன். என் குற்ற உணர்ச்சிக்கு ஆயுசு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கருங்கல்லுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் மணல் இருக்கும் இடத்தில் நின்று வீசிக்கொண்டிருந்தேன். ஒன்று நேராகப் போய், என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்த மாமாவின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து அதை இடது கையால் எடுத்தார்.

“இன்னொண்ணு போடு” என்றார்.

இடது பக்கம் இழுக்க வேண்டும் என்று மணிக்கட்டை முடிந்தமட்டும் திருப்பி வீசினேன். பாழாய்ப்போன பச்சை, அப்போதும் நேராகத்தான் போனது.

“இன்னொண்ணு.”

அதுவும் நேராகப் போனது. மாமா கையிலிருந்த தட்டை வளைத்துப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அன்னிக்கு செவுத்துல அடிச்சப்போ வெள்ளைக்கு ஒண்ணும் ஆவல இல்ல?”

“ஒண்ணும் ஆவல மாமா.”

“நெசமா?”

“நெசமா.”

கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்போ சரக்கு மூட்டை மாறிகீது. எவனோ வேற மூட்டைய மெஷின்ல கொட்டிகிறான். உம்மேல தப்பு இல்ல. வா, சோறு ஆறுது” என்று தட்டை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

அந்த வெள்ளைச் சரக்கில் கம்பெனிக்கு வந்தது ஒரே ஒரு மூட்டைதான். அதைப் பிரித்து மெஷினில் கொட்டியவரும் மாமாதான். வேறு யாரையும் அவர் தொட விடவில்லை. அன்று அதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். மனுஷன் இவ்வளவு வெகுளியாக இருக்கிறாரே, யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிறாரே என்று அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.